வெயில்காலத்துக் கேசட்டுகள்

கீழ்வீட்டு அக்கா படிக்கும்போது மாடியில் நாங்கள் பாத்திரம்கூட உருட்டக் கூடாது. வீடு அவருடையது. சின்ன காஞ்சிபுரத்தில் தெருவுக்குள் ஒடுங்கிய பழைய வீடு. கீழே அவர் தனியாக இருந்தார், மாடியில் நாங்கள். மே மாதம் பிறந்துவிட்டால் காலை ஏழு மணியிலிருந்து மிக்ஸி, குக்கர், துணி அடித்துத் துவைப்பது எல்லாம் நிறுத்தம். குடிவந்த முதல் வாரமே, மோட்டார் எப்போது போடுவார், குப்பை வண்டி எப்போது வரும் என்று சொல்லும் அதே குரலில் இதையும் சொன்னார்.

"எனக்குக் கண்ணு போயிடும்மா. இன்னைக்கு நாளைக்கு இல்ல. ஓரத்துலருந்து சுருங்கிக்கினே வருது. மெட்ராஸ்ல பெரிய டாக்டருங்கள்லாம் பாத்துட்டாங்க, மருந்து கிடையாதாம். அதான் பார்வை இருக்கிறப்பவே படிச்சு டேப்புல பிடிச்சு வச்சிக்கிறேன். நீ குக்கர் வைக்கிறதா இருந்தா ஏழுக்கு முன்னாடி வச்சிடு."

ஐயோ என்று சொல்லியிருக்க வேண்டுமா, ஒன்றும் நடக்காது அக்கா என்று சொல்லியிருக்க வேண்டுமா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நான் சொன்னது, "சரிக்கா, ஆறரைக்கே வச்சிடறேன்."

அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்தார். வருஷம் முழுவதும் விடுப்பு எடுக்காமல் சேர்த்து, வெயில்காலத்தில் மொத்தமாக எடுப்பார். ஊரே விசிறியோடு புழுங்கிக் கிடக்கும் மாதம் அவருக்கு அறுவடைக் காலம். கிழக்கு ஜன்னலில் வெளிச்சம் விழுந்ததும் முக்காலியில் டேப் ரிக்கார்டர், மடியில் புத்தகம், பக்கத்தில் சீரகத் தண்ணீர். வெளிச்சம் நகர நகர நாற்காலியையும் நகர்த்துவார். மத்தியானம் மேற்கு ஜன்னல். மாதம் முழுவதும் அப்படியே போகும்.

"வடகம் பிழியற மாசத்துலயே இதையும் முடிச்சிடணும். மழைக் காலத்து வெளிச்சம் எனக்கு வெளிச்சமே இல்ல" என்பார்.

நூலகத்தில் அவர் அட்டையில் எடுத்தது போதாமல் என் அட்டையிலும் எடுப்பார். அது தவிர, வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். தட்டச்சர் அல்லவா, தாளில் இருப்பது எதையும் விட மாட்டார். கதைக்கு நடுவில் பற்பொடி விளம்பரம் வந்தால் அதையும் படிப்பார். பக்கத்து ஓரத்தில் இருந்த துணுக்கு, அச்சுப் பிழை எல்லாமே டேப்பில் இருக்கும். ஒரு தொடர்கதையில், "அடுத்த அத்தியாயம் இல்லை. அந்த வாரம் எனக்கு அம்மை போட்டிருந்தது" என்று சொல்லிவிட்டு, அதற்கு அடுத்ததைத் தொடங்குகிறார்.

பால்காரன் வந்து கத்தினாலும், தபால்காரர் கதவைத் தட்டினாலும் எழுந்திருக்க மாட்டார். வரதர் கோயில் புறப்பாடு ஒன்றுக்குத்தான் டேப்பை நிறுத்துவார். நாகஸ்வரம் தெருமுனையைத் தாண்டும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பெருமாளை நானா சும்மா இருன்னு சொல்ல முடியும்? உன் வீட்டுக்காரரச் சொல்லலாம்" என்று ஒருமுறை மாடியைப் பார்த்துச் சொன்னார். என் கணவர் ஸ்ரீபெரும்புதூரில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குவார், அவர் குறட்டை அப்படி.

பதிவு முடிந்த கேசட்டை, குரல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க, முதல் இரண்டு வரி மட்டும் ஓட்டிக் கேட்பார். பிறகு பீரோவில் போய்விடும். அந்த பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டாத பட்டுப் புடவைகள், ஸ்டிக்கர் பிரிக்காத எவர்சில்வர் டப்பாக்கள், யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சோப்பு, எல்லாம் அதில் இருந்தன. எதைக் கொடுத்தாலும் "இருக்கட்டும்" என்று வாங்கி உள்ளே வைப்பார். கேசட்டுகளும் அவற்றோடு அந்துருண்டை வாசனையில் வரிசையாக நின்றன. யாருக்கும் இரவல் கிடையாது.

"ஒண்ணாவது போட்டுக் கேளுங்களேன்க்கா, எப்படி இருக்குன்னு" என்றேன் ஒருநாள்.

"இப்பவே கேட்டுட்டா, கண்ணு போனதுக்கு அப்பால எதைக் கேக்கறது? ஊறுகாய் போட்ட அன்னைக்கே ஜாடிய நக்கிடுவியா?"

அப்போது என் மகளுக்கு ஏழு வயது. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அழுதுவிடுவாள். லீவில் தினமும் ஒரு பக்கமாவது வாசிக்க வையுங்கள் என்று வகுப்பு ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் அவளை உட்கார வைப்பேன். நான்காவது வரியில் அவள் அழுவாள், ஆறாவது வரியில் நான் அடித்துவிடுவேன், பிறகு இரண்டு பேரும் வேர்வையோடு ஆளுக்கொரு மூலையில் கிடப்போம். கொஞ்ச நேரத்தில் அவளைக் காணாது. அக்காவின் ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டி நிழலில், வாயைக் கையால் பொத்திக்கொண்டு கதை கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் பொத்த மறந்து சிரித்துவிட்டாள்.

அக்கா டேப்பை நிறுத்தினார். "யாருடி அது? பத்து வருஷம் கழிச்சு நான் தனியா உக்காந்து கேக்கறப்ப, உன் சிரிப்பு வந்து நிக்கணுமா அங்க?" என்றார். திட்டினாரே தவிர, விரட்டவில்லை.

ஆனால் என் கவலை வேறு. காதால் கேட்டே பழகிவிட்டால் கண்ணால் படிக்க இவள் மெனக்கெடுவாளா? அக்காவிடமே போய்க் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கேக்கறது படிப்புல சேராதாக்கா? சோம்பேறித்தனமாப் போயிடுமோ?"

அவர் சீரகத் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். "என்னைக் கேக்கறியே. சேராதுன்னா, இன்னும் நாலஞ்சு வருஷத்துல நான் படிக்காதவளாயிடுவனா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மனம் நொந்து சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை படியிறங்கினேன். இரண்டு முறையும் அவர் படித்துக்கொண்டிருந்தார். மகளை அதற்குப் பிறகு ஜன்னலடியிலிருந்து கூப்பிடவில்லை. அது சரிதானா என்ற கேள்வியும் விடவில்லை. அவள் இப்போது நன்றாகத்தான் படிக்கிறாள். நான் அடித்ததாலா, அவள் கதை கேட்டதாலா, வயது வந்ததாலா, யாருக்குத் தெரியும்.

அக்காவுடைய கண் அவர் கணக்கைவிட வேகமாகப் போயிற்று. ஊதுகுழல் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றார். பிறகு, அந்த ஊதுகுழலையும் யாரோ அடைக்கிறார்கள் என்றார். நேர் எதிரே நின்றால் என்னைத் தெரியும், ஒரு அடி தள்ளி நின்றால் தெரியாது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் மே மாதம் ஒரு பக்கம் படிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. வரிக்கு அடியில் அட்டையை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தார். எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்த சமயம். பால் கொடுத்துக்கொண்டே கேட்பேன், ஒரு வாக்கியத்தின் முதல் பாதிக்கும் அடுத்த பாதிக்கும் நடுவில் எனக்குக் கண் செருகிவிடும்.

ஒருநாள் வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே படிப்பு நின்றது. எட்டிப் பார்த்தேன். டேப் ஓடிக்கொண்டிருந்தது. "இதுக்கு மேல தெரியல" என்று அதனிடமே சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். எழுந்து போய் சாதம் வடித்தார்.

உள்ளதைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. எப்போது வருமோ என்று இருந்தது வந்துவிட்டது. இனி பீரோவைத் திறக்கலாம். இத்தனை வெயில்காலம் சேர்த்ததை உட்கார்ந்து அனுபவிக்கலாம். அவருக்கு அது இருக்கிறதே என்றுதான் நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

முதல் இரண்டு நாள் கீழே கேசட் ஓடியது. மூன்றாம் நாளிலிருந்து சத்தம் இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனேன். வெறும் தரையில் படுத்திருந்தார்.

"கேக்கலையாக்கா?"

"தூக்கம் வருதும்மா."

"கதை நல்லா இல்லையா?"

"கதை எங்க கேக்குது? என் குரல்தான் கேக்குது. இந்த இடத்துல கழுத்து வலிச்சிச்சு, இந்த இடத்துல கரண்ட் போச்சு, இந்தப் பக்கத்துல யாரோ வெத்தலைக் கறை ஆக்கி வச்சிருந்தான். அதான் நெனப்புக்கு வருது. எல்லாம் எனக்குத் தெரிஞ்சது. நானே சமைச்சு நானே ஆற வச்சு, பத்து வருஷம் கழிச்சு நானே துன்னா எப்படி இருக்கும்?" பீரோ பக்கம் முகத்தைத் திருப்பினார். "எவ்ளோ பொத்திப் பொத்தி வச்சேன், பாத்தியா."

டி.வி. பார்க்கலாமே என்று என் கணவர் சொன்னார். "அதுல பாதி நேரம் மூஞ்சியக் காட்டிக்கினு நிக்கறாங்களாம். எனக்கு மோளச் சத்தம்தான் வருது" என்றார் அக்கா.

சரி, நான் படித்துக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன். கடமை என்று நினைத்தேன். சாயங்காலம் பெரியவளை வீட்டுப்பாடத்தில் உட்காரவைத்துவிட்டு, சின்னவனைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே அவர் பாதியில் விட்ட புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ஒரு வாரம் போயிருக்கும். படித்த வரியையே திரும்பப் படிக்கிறேன் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"ஏம்மா, நீ சங்குல மருந்து ஊத்தற மாதிரி படிக்கிற. எனக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம். போய் சித்த படு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாடிக்குப் போய் உடனே தூங்கிவிட்டேன்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜா வீட்டுத் தறி. அவளும் அவள் ஓரகத்தியும் சேர்ந்து நெய்வார்கள். சரோஜா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்ய, ஓரகத்தி பக்கத்தில் இருந்து, புடவைக் கரைக்கான நூலோடு ஓடிவரும் நாடாக் கட்டையை வாங்கித் திருப்பித் தள்ளுவாள். அக்காவின் குழாயில் தண்ணீர் பிடிக்க வரும் சரோஜா ஒருநாள் குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"எக்கா, அந்த டாக்டரு பொண்ணு கதை படிச்சியே, சுவரு வழியா பாதி கேட்டேன். அன்னைக்கினு பார்த்து எங்களுக்குப் புதுப் பாவு நூல ஒண்ணொண்ணா பிணைக்கிற வேல. மிச்சம் கேக்கல. அந்த கேசட்ட தாயேன். நெய்ஞ்சிக்கினே கேட்டுட்டுத் தந்துடறேன்."

நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பீரோவாவது, இரவலாவது. ஆனால் அக்கா எழுந்து, தடவித் தடவிப் போய், கேசட் பெட்டிகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "எதுன்னு பாத்து அவகிட்ட குடும்மா" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. இருந்த ஒரே பிடிப்பையும் விடுகிறாரே என்று. "ஒரு காப்பி எடுத்து வச்சிட்டுக் குடுக்கலாமேக்கா" என்றேன். "எடுத்து?" என்றார்.

சில நாள் கழித்து சரோஜா திருப்பிக் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சீ, இன்னாக்கா இந்தப் பொண்ணு! டாக்டருக்குப் படிச்சிட்டு அந்தப் பேமானியப் போய் கட்டிக்கிறேன்றாளே!"

"அவ டாக்டர் இல்லடி, நர்சு."

"நர்சோ டாக்டரோ, ஊசி போட்டா இல்ல? அந்த ஊசிய அவனுக்கு ரெண்டு சேர்த்துக் குத்தி இருக்கணும். அவன் அம்மா வேற, ஊமைக் கோட்டான் மாதிரி உக்காந்துக்கினு எல்லாத்தையும் கெடுக்கறா. என் மாமியாரே தேவலாம்."

"அவன் அம்மா நல்லவ. கதையில அப்படித்தான் போட்டிருக்குது."

"போட்டா? எழுதினவன் அவ கையில மாட்டியிருந்தா தெரியும்."

அக்கா தரையிலிருந்து எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முதலில் ஒவ்வொரு வரியாகத் திருத்திக்கொண்டிருந்தார். பிறகு திருத்துவதை விட்டுவிட்டார். சரோஜா சொன்ன கதையில் அந்த நர்ஸ் டாக்டராகவே இருந்தாள், ஊர் செங்கல்பட்டாக மாறியிருந்தது. அக்கா, "மெய்யாலுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். குடம் நிரம்பித் தண்ணீர் தெருவில் ஓடியது, மோட்டாரை நான்தான் ஓடிப்போய் நிறுத்தினேன்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் போய்வந்தன. கேசட் போவது எதற்கு என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும், பத்திரமாகத் திரும்பி வர வேண்டுமே என்று அடித்துக்கொள்வேன். என் பயம் வீண்போகவில்லை.

ஒரு மத்தியானம் சரோஜா குடமில்லாமல் வந்தாள். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எக்கா, தப்பு நடந்துபோச்சு. உன் குரலு அழிஞ்சிடுச்சி."

நடந்தது இதுதான். தறிக்குழியில் உட்கார்ந்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்க முடியாது. காலடியில் மிதி, மடிக்கு மேல் பட்டு. அதனால் தன் வீட்டு டேப் ரிக்கார்டரை எட்டத்தில் வைத்துவிட்டு, நீளக் குச்சியால் பொத்தானை அழுத்துவது அவள் வழக்கம். ஒருமுறை முழுதாகக் கேட்டாகிவிட்டது. ஓரகத்தி ஊருக்குப் போய்வந்தவள், நடுவில் விட்டதைக் கேட்க வேண்டும் என்றாள். ஓட்டிப் பிடித்து, குச்சியால் தட்டினாள். குச்சி, பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானில் பட்டது. சத்தம் வரவில்லை. கரண்ட் குறைவாக இருக்கிறது, வரட்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே நெய்தார்கள். எழுந்து பார்த்தபோது டேப் அந்தப் பக்கத்தின் கடைசிவரை ஓடி நின்றிருந்தது. கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பல்லை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் பதிய முடியாது. அக்கா எந்தக் கேசட்டிலும் அதை உடைக்கவில்லை. பின்னால் எதற்காவது ஆகும் என்று விட்டுவைத்திருந்தார்.

"உனக்கு அறிவிருக்குதா சரோஜா? கண்ணு தெரிஞ்சப்ப அவங்க எவ்வளவு பாடுபட்டுப் பிடிச்சது அது!" நான் கத்திவிட்டேன். குழந்தை பயந்து அழுதது. திரும்பப் பிடிக்க முடியாத ஒன்று போய்விட்டது, அந்தக் கண் இனி வராது, இது இவளுக்குப் புரியவில்லையே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

அக்கா கையை நீட்டினார். "போட்டுக் காட்டு."

போட்டேன். அக்காவின் குரல் நிதானமாக ஒரு கல்யாண வீட்டை விவரித்துக்கொண்டு போயிற்று. டக் என்று அறுந்தது. பிறகு தறி. தடக், தடக். அதற்கு மேல் ஓரகத்தியின் குரல்: 'நீ மட்டும் யோக்கியமா? அந்தக் கெழவிகிட்ட போட்டுக் குடுத்தது யாரு?'

"எக்கா, எங்க மாமியாரப் பத்தி பேசினது முழுசா இருக்குது. யாருக்கும் போட்டுடாத!" சரோஜா அழுகையோடு பாய்ந்து நிறுத்தினாள்.

அக்கா நிலைகுலைந்து சிரித்தார். நான் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அழிஞ்ச இடத்துல என்ன கதை?" என்றார்.

"உனக்குத் தெரியாதா?"

"படிச்சு எத்தினி வருஷம் ஆச்சு. நெனப்பில்ல. நீதான் ஒரு தபா முழுசா கேட்டியே, சொல்லு."

நினைவில்லை என்பது உண்மையாக இருக்க முடியாது. எந்தப் பக்கத்தில் வெற்றிலைக் கறை இருந்தது என்று சொன்னவர் அவர். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் டேப் ரிக்கார்டரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

கேசட்டை ஓட்டி, கல்யாண வீடு அறுந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு தானே விரலால் தடவி சிவப்புப் பொத்தானைக் கண்டுபிடித்தார்.

"அய்யய்யோ, எனக்கு உன்ன மாதிரி படிக்க வராதுக்கா."

"படிக்கச் சொல்லல. சொல்லு. அழுத்திட்டேன், ஓடுது."

சரோஜா பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் எழுந்து நின்று, "அந்தக் கல்யாணத்தில்" என்று ஆரம்பித்தாள். இரண்டு வரிக்குப் பிறகு உட்கார்ந்துகொண்டாள். "இன்னா கல்யாணம்! சாப்பாட்டுல உப்பு இல்லன்னு சண்டை. அதுக்கு அந்த மாப்பிள்ள மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு திருப்புட்குழிக்கு பஸ் ஏறப் போறான், கேளு." புத்தகத்தில் திருப்புட்குழி நிச்சயம் இருந்திருக்காது. கேசட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை சொன்னாள். அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு, தன் சிரிப்பு பதிவில் விழாமல் இருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

நாங்கள் அந்த வீட்டைவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அங்கே இருந்த கடைசி நாட்களில், குழந்தையைத் தோளில் போட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும்போது கீழே அந்தக் கேசட் ஓடுவதைக் கேட்பேன். அக்கா தன் குரல் வரும் இடத்தையெல்லாம் கீச்சென்று ஓட்டிவிடுவார். நிறுத்திப் பார்ப்பார், இன்னும் தன் குரல்தான் என்றால் மறுபடி ஓட்டுவார். சரோஜாவின் குரல் வந்ததும் ஓட்டுவதை விட்டுவிடுவார்.

சரோஜா கதை சொன்ன அன்று, பதிவு முடிந்ததும் அவள், "கோவம் இல்லியேக்கா?" என்று கேட்டாள். அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு பீரோவுக்குப் போய், இரண்டு கதவையும் திறந்துவிட்டார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கினு போ. கேளு. எங்கெங்க உனக்கு சலிப்பா இருக்குதோ, அங்க என்னை அழிச்சிட்டு நீ சொல்லு."